ட்ராக்கிங்கில் 'டெலிவர்டு' என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள்: கார்டு வாங்குபவர்கள் கவனத்துக்கு

போக்கிமான், கிரிக்கெட் கார்டுகளை வாட்ஸ்அப் குழுக்களில் வாங்கி விற்பவர்கள் ஒருமுறை இதைப் படித்துவிடுங்கள். ஸ்பீட் போஸ்ட் எண் உண்மையானதாகவே இருக்கும். ட்ராக்கிங்கில் 'டெலிவர்டு' என்றும் காட்டும். கார்டு மட்டும் வந்திருக்காது. இப்படி என்னிடம் 6,500 ரூபாயைக் கறந்துவிட்டார் ஒருவர்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் பேசுவது தமிழ், சந்தைக்குப் போவது பொள்ளாச்சி, முகவரி மட்டும் பாலக்காடு மாவட்டம், கேரளா. நானும் அக்கா மகனும் கார்டு சேர்க்கிறோம். (டிரம்ப் கார்டு காலத்து ஆள் நான். அவனுக்குப் போக்கிமான்தான் உலகம்.) சென்னையிலிருந்து விற்பதாகச் சொன்ன ஒருவர் 40 கார்டுகளைப் படம் பிடித்துப் போட்டார். அதில் நாலைந்து நல்ல ஹோலோ கார்டுகள், அதாவது பளபளக்கும் ரகம். விலை பேசி முடித்ததும் தபால் செலவு தனியாக 180 என்றார். ஸ்பீட் போஸ்ட், டாப்லோடர் (கார்டைச் செருகி வைக்கும் கெட்டி பிளாஸ்டிக் உறை), பபிள் கவர் எல்லாம் அதில் அடக்கமாம். ஜிபேயில் அனுப்பினேன். மறுநாளே ட்ராக்கிங் எண் வந்தது.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் நகர்ந்தது. கோயம்புத்தூர், பாலக்காடு, அப்புறம் எங்கள் தபாலாபீஸ், கடைசியில் டெலிவர்டு. வீட்டுக்கோ ஒன்றும் வரவில்லை. கேட்டால், "டெலிவர்டுன்னு காட்டுதே ப்ரோ, வீட்டுல யாராச்சும் வாங்கி வெச்சிருப்பாங்க, கேட்டுப் பாருங்க" என்று ஒரே பல்லவி.

தபால்காரச் சேட்டனைப் பிடித்து எண்ணைக் காட்டினேன். அவருக்கு நினைவிருந்தது. அதே பின்கோடில் உள்ள ஒரு துணிக்கடைக்கு வந்த கவர் அது. கடைக்காரரும் குழம்பிப்போய் அதை மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தார். உள்ளே மடித்த நோட்டுத்தாள் ஒன்று, அதுவும் வெறும் தாள். கடையின் பெயரும் தெருவும் கூகுள் மேப்பில் எவருக்கும் கிடைக்கும். ட்ராக்கிங்கில் பொதுவாகத் தெரிவது எந்த ஊருக்குப் போகிறது, எந்த ஆபீஸில் பட்டுவாடா ஆனது என்பதுதான். யார் பெயருக்கு என்பது தெரியாது. ஆள் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான்.

குழுவில் கேட்ட பிறகு, தான் யோக்கியன் என்று காட்ட ரசீதைப் படம் எடுத்துப் போட்டார். பெயர் வரியையும் எடை வரியையும் வெட்டிவிட்டார். அடியில் இருந்த தொகையை மறந்துவிட்டார்: 55 ரூபாய் 46 காசு. அங்கேதான் மாட்டினார். 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஸ்பீட் போஸ்ட் கட்டணம் மாறியிருக்கிறது. வெளியூருக்கு 50 கிராம் வரை எவ்வளவு தூரமானாலும் 47 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சரியாக 55.46. ஒரு போக்கிமான் கார்டு ஏறக்குறைய 1.8 கிராம் இருக்கும். 40 கார்டு என்றால் உறையே இல்லாமல் 70 கிராமைத் தாண்டும். அப்படியானால் அந்தக் கவரில் 40 கார்டு இருந்திருக்க வழியே இல்லை. இதைக் குழுவில் எழுதிய அன்றே ஆள் வெளியேறிவிட்டார், எண்ணும் அணைந்துவிட்டது.

அதனால் வெறும் ட்ராக்கிங் எண்ணை வாங்கிக்கொண்டு சரி என்று சொல்லாதீர்கள். தபாலாபீஸ் ரசீதில் பெறுபவர் பெயர், ஊர், பின்கோடு, எடை, தொகை எல்லாம் அச்சாகியிருக்கும். முழு ரசீதையும் மடிக்காமல் படம் கேளுங்கள். பெயர் உங்களுடையதா, எடை பொருந்துகிறதா என்று பாருங்கள். விலை கூடின கார்டு என்றால் ஓடிபி காட்டினால்தான் கொடுக்கும்படி அனுப்பச் சொல்லலாம். அதற்கு மேல் ஐந்து ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இதற்கு முரண்டு பிடிப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

180, 250 என்று தபால் செலவு கேட்பதிலும் எனக்குக் கோபம் உண்டு. இரண்டு மூன்று கார்டு 50 கிராமுக்குள் அடங்கிவிடும். 51 முதல் 250 கிராம் வரை வெளியூருக்குத் தூரத்தைப் பொறுத்து 59 முதல் 77 ரூபாய், ஜிஎஸ்டி தனி. தபாலில் மாநில எல்லைக்குக் கணக்கில்லை, கிலோமீட்டருக்குத்தான் கணக்கு. எங்கள் பக்கம் சில கூரியர் கடைகளில் பொள்ளாச்சிக்குக்கூட 'வெளி மாநிலம்' என்று தலையில் கட்டுகிறார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊருக்கு!

பேக்கிங்கும் பெரிய செலவில்லை. முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறையான ஸ்லீவ், அதற்கு மேல் டாப்லோடர். ஸ்லீவ் இல்லாமல் நேராக டாப்லோடரில் தள்ளினால் ஹோலோ பரப்பில் கீறல் விழும். டாப்லோடர் வாயை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, நுனியை மடித்து விடுங்கள், பிரிக்கச் சுலபம். செலோ டேப் பசை விட்டுவிட்டுப் போகும். டாப்லோடர் இல்லையா, பழைய அட்டைப் பெட்டியை வெட்டி இரண்டு துண்டுக்கு நடுவில் வையுங்கள். கார்டைவிட அட்டை எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூட இருக்கட்டும், மூலை நசுங்காது. ரப்பர் பேண்ட் கூடவே கூடாது, ஓரத்தில் பள்ளம் விழும். எங்கள் பக்கம் ஜூனில் மழை பிடித்தால் விடாது. ஈரத்தில் காகிதம் உப்பும், மேலே இருக்கிற பளபளப்பு ஏடு உப்பாது, அதனால் ஹோலோ கார்டு வில்லாக வளையும். எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டால் அந்தக் கவலை இல்லை. டாப்லோடரைச் சாதாரணத் தபால் கவரில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள். முத்திரை குத்துகிற குத்தில் கார்டு என்ன ஆகும் என்று அவர்களுக்குக் கவலையில்லை, போனால் தேடிப் பிடிக்க எண்ணும் கிடையாது.

பணம் போனதும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தேன். யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் பேச்சு, ரசீதுப் படம் மூன்றையும் சைபர் கிரைம் தளத்தில் ஏற்றியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. பணம் போன உடனே அழைத்தால்தான் எதிராளி கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம், தபால் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். துணிக்கடைக்காரர் அந்தக் கவரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது பெரிய உதவி. பார்கோடு ஒட்டிய உறையே இப்போது என் புகாரில் இருக்கிற நல்ல ஆதாரம்.

உங்கள் கடைக்கோ வீட்டுக்கோ தெரியாத ஆளிடமிருந்து ஸ்பீட் போஸ்டில் வெறும் தாள் வந்தால், உறையை இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டுத் தபால்காரரிடம் சொல்லி வையுங்கள். அதே பின்கோடில் யாரோ ஒருவர் தன் பார்சலைத் தேடிக்கொண்டிருப்பார்.