நீடாமங்கலத்து லாரி புக்கிங் அலுவலகமும் அதன் ஓட்டுநர் பதிவேடும்

நீடாமங்கலத்திலுள்ள ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தின் வழியாகத்தான் கடந்த 6 ஆண்டுகளாக எங்கள் வைக்கோல் பாரங்களைப் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் அனுப்பி வருகிறேன். சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டுகள் நனைவதற்குள் வயலிலிருந்து அவற்றை ஏற்றிவிட வேண்டும் என்பதால், கேட்ட நாளில் வண்டி கிடைப்பதே எங்களுக்கு முதல் தேவை. அதில் இவர்கள் பெரும்பாலும் சொன்ன சொல் தவறியதில்லை. தார்ப்பாய் கிழிசலில்லாமல் இருக்கும். ஏற்றும்போது பேசிய வாடகைதான் இறக்கும்போதும்.

வண்டிக்குக் காத்திருக்கும் நேரங்களில் நான் விரும்பிப் பார்ப்பது அவர்களுடைய ஓட்டுநர் பதிவேட்டை. எந்த வண்டியில் யார் போனார், அவர் நிரந்தர ஓட்டுநரா, தேவைப்படும்போது மட்டும் வரும் ஆக்டிங் டிரைவரா, உடன் சென்ற சுமைப்பணியாளர்கள் எத்தனை பேர் என்று அன்றாடம் எழுதி வைக்கிறார்கள். அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் லாரித் துறையின் வேலைவாய்ப்பு எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிடுகிறது. பொருளாதாரம் போகும் திசையை அறிய அதைக் கவனிப்பவர்கள் உண்டு. எங்கள் வட்டாரத்துக்கு அந்த வேலையை இந்தப் பதிவேடு செய்கிறது என்பேன். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் இ-வே பில் என்ற ஜிஎஸ்டி ஆவணம் சரக்கின் நகர்வைச் சொல்லுமே தவிர, வண்டியை ஓட்டியவருக்கு அடுத்த மாதமும் வேலை உண்டா என்பதைச் சொல்லாது.

2023 ஜூன் 12 அன்று வழக்கம்போல மேட்டூர் அணை திறக்கப்பட்டாலும், நீர் இருப்பு குறைந்ததால் அக்டோபர் 10 அன்று பாசனத்துக்கான திறப்பு நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த தை மாதத்தில் பதிவேட்டின் பக்கங்கள் மெலிந்திருந்தன. வழக்கமாக வைக்கோல் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள் சிலர் திருப்பூர்ப் பக்கம் வேறு வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். நான் கற்றுக்கொண்டது இதுதான்: மொத்த ஆள் எண்ணிக்கையைவிட, ஆக்டிங் டிரைவராக இருந்தவரை உரிமையாளர் எப்போது மாதச் சம்பளத்துக்கு எடுக்கிறார் என்பதே நம்பத் தகுந்த அடையாளம். அறுவடை நன்றாக இருக்கும் என்று தெளிவாகத் தெரிந்தாலன்றி எந்த உரிமையாளரும் அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை.

இந்தக் கணக்கையும் கவனமாகத்தான் படிக்க வேண்டும். மாசி மாதத்தை ஐப்பசியோடு ஒப்பிட்டுப் பயனில்லை. மாசியை முந்தைய மாசியோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் ஏற்றிச் செல்லும் வண்டிகள் கிடங்கு வாசலிலோ குட்ஸ் ஷெட்டிலோ இரண்டு மூன்று நாள் வரிசையில் நிற்கும் காலத்தில், பதிவேட்டில் எல்லோருக்கும் வேலை இருப்பதாகவே தெரியும். ஆனால் நடை குறைந்து, நடைக்கு நடை பேட்டா வாங்கும் ஓட்டுநரின் வருமானம் சரிந்திருக்கும். ஆகவே ஆள் எண்ணிக்கையோடு நடைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கும்படி இளைய விவசாயிகளிடம் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன்.

சேவையில் குறையும் உண்டு. காத்திருப்புக் கூலிக்கு எழுத்தில் விதிமுறை கிடையாது. ஒருமுறை ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காக நின்ற நேரத்தையும் எங்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பேசிய பிறகு கழித்துக் கொடுத்தார்கள் என்றாலும், இதை ரசீதிலேயே அச்சிட்டுவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது. சுமைப்பணியாளர் கூலியையும் வாடகையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். அந்தத் தொகை உரியவர் கைக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்று அறிய எனக்கு விருப்பமுண்டு.

பங்குனியில் உளுந்து மூட்டைகளுக்கு வண்டி வேண்டுவோர் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். வைக்கோல் நடை அதற்குள் முடிந்திருக்காது.