ஸ்டெப் மேட் ஒட்ட எந்த கம்? புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு ஒப்பீடு

ஸ்டெப் மேட் ஒட்ட வேண்டும் என்றால் பலரும் முதலில் வாங்குவது ரெக்சின், ஃபோம், மைக்கா ஒட்டும் ரப்பர் கம்தான், ஃபெவிகால் எஸ்.ஆர். 998 அந்த இனம். நல்ல பசைதான், ஆனால் எல்லா மேட்டுக்கும் ஆகாது. டின்னைத் தேடும் முன் மேட்டைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். ரப்பர், சணல், ஃபெல்ட் முதுகு என்றால் ரப்பர் கம் பிடிக்கும். பி.வி.சி. முதுகு என்றால் வேண்டாம். பி.வி.சி.யை வளையவைக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து, சில மாதங்களில் கம்மைப் பிசுபிசுவென்று இளக்கிவிடும். சில வகை ஃபோம் முதுகைக் கம்மிலுள்ள கரைப்பானே அரித்துவிடும்.

ரப்பர் கம்மை மேட், படி இரண்டிலும் மெல்லிய பூச்சாக இழுக்க வேண்டும். 10 முதல் 15 நிமிடம் காயவிட்டு, விரலின் பின்பக்கத்தால் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும், கம் விரலில் ஒட்டிவரவோ நூலாக இழுக்கவோ கூடாது. ஈரமாகவே ஒட்டினால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு கொப்புளம் கிளம்பும். ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது என்பதால் முதலிலேயே சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டினால் போதும். 2 அடிக்கு 9 அங்குலம் மேட், 15 படி என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 45 சதுர அடி. ஏறக்குறைய 1 லிட்டர் பிடிக்கும். ஆவி தீப்பற்றும். சன்னல்களைத் திறந்துவையுங்கள், அடுப்பு மட்டுமல்ல, பூஜை விளக்கும் அணைந்திருக்கட்டும்.

கடலோர ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிர்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அதன்மேல் பனித்துளி போல நீர் படியும். கண்ணுக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், ஒட்டாது. மழைக்காலத்தில் ரப்பர் கம்மைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அதனால் இங்கே முதல் மதிப்பெண் பாலியூரிதேன் பசைக்கு. சிகாஃப்ளெக்ஸ் 11 எஃப்.சி. போன்றவை. அது காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது, நம் ஊர்க் காற்று அதற்குச் சாதகம். இறுகிய பிறகும் ரப்பர் போல வளையும், மிதிபட்டாலும் வெடிக்காது. 6 மி.மீ. தடிமனில் மூன்று கோடு, முதல் கோடு முன் ஓரத்திலிருந்து அரை அங்குலத்துக்குள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். முழுக்கப் பூசிவிட்டால் காற்று நுழையாமல் நடுவில் பச்சையாகவே கிடக்கும். 300 மி.லி. குழாய் ஒன்று 5 படிக்கு வரும், 15 படிக்கு மூன்று. குறை, ஒரு நாளாவது மிதிக்கக் கூடாது. ஒன்றுவிட்டு ஒரு படியாக இரண்டு நாளில் ஒட்டினால் மாடி ஏற வழி இருக்கும்.

சிலிகான் வேண்டவே வேண்டாம். காடி வாடை அடிக்கும் வகை, சிமெண்ட், மார்பிள், கடப்பா மூன்றிலும் சரியாகப் பிடிக்காது, கறையும் விழும். பிய்த்தெடுத்தால் மிஞ்சும் படலத்தில் அடுத்த பசையும் ஒட்டாது. வெள்ளை மரப்பசை தண்ணீர் பட்டால் இளகும், மாப் போடும் வீட்டில் அதற்கு வேலையில்லை. இரண்டு பக்க கார்பெட் டேப், பாலிஷ் போட்ட கிரானைட்டிலும் விட்ரிஃபைடு டைல்ஸிலும் வாடகை வீட்டுக்காரர்களுக்கு உதவும். மேற்கு வெயில் விழும் படியில் மட்டும் மே மாதம் டேப்பின் பசை வழியும்.

பசை எதுவானாலும் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் படிதான். மொசைக்கிலும் சிவப்பு ஆக்சைடு தரையிலும் மெழுகு இருந்தால் பசை மெழுகில் ஒட்டும், படியில் ஒட்டாது. தின்னர் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். நிறம் மங்குகிறதா என்று மூலையில் சோதித்த பிறகு. பினாயில் போட்டுத் துடைத்திருந்தால் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து இரவு முழுக்க உலரவிடுங்கள். தரைத்தளப் படியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், ஒரு அடி சதுர பாலிதீனை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது, ஒட்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.

பிரெஞ்சுக் காலத்து வீடுகளின் தேக்குப் படிகளில் ரப்பர் கம்மின் கரைப்பான் வார்னிஷைக் கரைத்துவிடும், டேப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்கு ஏறும் இரும்புப் படிக்கு மேட்டே வேண்டாம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடியில் துருவை வளர்க்கும்.