டேண்டம் சைக்கிளுக்குப் புது லீவர்: 14 மாதம், 4,200 கி.மீ.

எங்கள் டேண்டத்தில், அதாவது இருவர் மிதிக்கும் சைக்கிளில், முன்னால் நான், பின்னால் என் பால்ய நண்பன். அவனுக்குப் பார்வை இல்லை. பிரேக்கும் கியரும் என் பொறுப்பு. சைக்கிளையும் சேர்த்தால் 165 கிலோ. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கி.மீ. இறக்கத்தில் அத்தனை எடையையும் என் விரல்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

பிரேக்கும் கியரும் ஒரே லீவரில்தான். பழைய லீவர் ஷிமானோ 105, 5600 வரிசை. என் கைக்கு எட்டாது, பாதி மலையிலேயே விரல் மரத்துவிடும். புதியது அதே 105-இல் ஆர்7000 வரிசை. இதில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் லீவர் கைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எனக்கு அது ஒன்றே போதும்.

ஆனால் செலவு லீவரோடு நிற்கவில்லை. பின்னால் 10 கியர் 11 ஆனதால் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்துவது), செயின், கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) எல்லாம் மாறின. முன்னால் மூன்று பல்சக்கரத்துக்கு இந்த வரிசையில் லீவரே கிடையாது. பெரியதைக் கழற்றிவிட்டு 39 பல், 30 பல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். சமதளத்தில் 40 கி.மீ. வேகம் வரை மிதிக்க முடிகிறது, குறையாகத் தெரியவில்லை.

அப்புறம் அவுட்டர், அதாவது வயர் ஓடும் வெளிக்குழாய். முதலில் வேலைக்குக் கொடுத்த கடையில் பின் பிரேக்குக்குக் கியர் அவுட்டரைப் போட்டுவிட்டார்கள். மெலிதாக இருக்கிறதே என்று அளந்தேன்: 4 மி.மீ. பிரேக் அவுட்டர் 5 மி.மீ. இருக்கும். கியர் அவுட்டர் பிரேக் அழுத்தத்தில் பிளந்துவிடலாம். அன்றே கழற்றச் சொன்னேன்.

டேண்டத்தில் பின் பிரேக் வயர் ஏறக்குறைய 3 மீட்டர். சாதாரண சுருள் அவுட்டர் பிரேக் பிடிக்கும்போது அந்த நீளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் வரை வரும். சுருங்காத வகை பிரேக் அவுட்டர் போட்டபிறகு அதே பிபி7 டிஸ்க் பிரேக், அதே 203 மி.மீ. ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு), பிடி கெட்டியாகிவிட்டது. புது லீவர் வயரைக் கூடுதலாக இழுப்பதால் பிரேக் பேட் ரோட்டரைச் சீக்கிரம் தொடுகிறது. அதற்காக நிறுத்தும் வலு கூடியது என்று சொல்ல மாட்டேன். கை எட்டுகிறவர்கள் முதலில் அவுட்டரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஒரு குறை உண்டு. 3,000 கி.மீ. வாக்கில் பின்னாலிருந்து, "கியர் விழ யோசிக்குதுடா" என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து லீவரைத் திறந்தால், உள்ளே வயர் வளையும் இடத்தில் இரண்டு இழை அறுந்து முள்ளாக நிற்கிறது. இனி 2,500 கி.மீ. ஆனதும் வயரை மாற்றிவிடுவேன். நீளக் கியர் வயர் ஒன்று எப்போதும் பையில் இருக்கிறது.