தாய்லாந்து வேலை என்று சொல்லி மியான்மருக்குக் கடத்துகிறார்கள்: பாதிக்கப்பட்ட குடும்பத்தின் எச்சரிக்கை

தாய்லாந்தில் கணினி வேலை, மாதம் 80 ஆயிரம் ரூபாய் சம்பளம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்று டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தகவல் வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

என் அண்ணன் மகன் 2024 இறுதியில் இப்படித்தான் போனான். ஏஜென்ட் எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்தவர். தட்டச்சு வேகத்துக்கு ஒரு தேர்வு, வீடியோவில் ஒரு நேர்காணல், நிறுவன முத்திரையிட்ட பணி ஆணை என்று எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்திக் காட்டி ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டார். பாங்காக்கில் இறங்கியவனை ஏற்றிக்கொண்ட கார் நகரத்துக்குள் போகாமல் பல மணி நேரம் ஓடி, எல்லை ஊரான மே சொட்டில் நின்றது. இரவில் மோய் ஆற்றைப் படகில் கடக்க வைத்தார்கள். அக்கரையில் இருப்பது மியான்மரின் மியாவாடி. துப்பாக்கிக் காவல் போட்ட வளாகத்துக்குள் போனதும் பாஸ்போர்ட்டையும் கைபேசியையும் பிடுங்கிக்கொண்டு, பெண் பெயரில் போலிக் கணக்குத் தொடங்கி வெளிநாட்டவரிடம் பேசிப் பழகி, கிரிப்டோ முதலீடு என்று பணம் பறிப்பதுதான் வேலை என்றார்கள். மறுத்தால் அடி, வெளியே விட வேண்டுமானால் டாலரில் பணம்.

புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில் எங்களிடம் சொன்னது இது: "பையன் விருப்பப்பட்டுத்தானே போயிருக்கான், யாரும் தூக்கிட்டுப் போகலையே. பண விவகாரம்னு எழுதிக் கொடுங்க." வீட்டு வாசலிலிருந்து படகுத்துறை வரை அவன் மேல் யாரும் கை வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 138-ஆம் பிரிவு, வலுக்கட்டாயமாகக் கொண்டுபோவதையும் வஞ்சகத்தால் ஒருவரை இணங்க வைத்து ஓரிடத்திலிருந்து போகச் செய்வதையும் ஒரே வரியில் வைத்து இரண்டையுமே கடத்தல் (abduction) என்கிறது. அந்தக் கடத்தல் தனியாகத் தண்டனைக்கு உரியதன்று. சட்டவிரோதமாக அடைத்து வைப்பது போன்ற நோக்கம் சேரும்போது 140-ஆம் பிரிவு வருகிறது. எங்களுக்குக் கைகொடுத்தது, இதிலிருந்து வேறான ஆள் கடத்தல் (trafficking) பற்றிய 143-ஆம் பிரிவு. ஏமாற்றியோ ஆசை காட்டியோ சுரண்டலுக்காக ஆள் சேர்ப்பதும் அனுப்புவதும் அதன்படி குற்றம். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்று அதன் விளக்கமே கூறுகிறது. குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு கடுங்காவல். ஒரு வழக்கறிஞர் மூலம் இதை எழுத்தில் கொடுத்த பிறகே, மோசடி என்று மட்டும் பதிவாக இருந்த வழக்கில் அந்தப் பிரிவும் சேர்க்கப்பட்டது. ஆகவே ஏஜென்ட் அனுப்பிய குரல் பதிவு, விளம்பரம், பணி ஆணை, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள்; அவன் எதை நம்பிப் புறப்பட்டான் என்பதற்கு அவைதான் சாட்சி.

2025 மார்ச்சில் இந்திய விமானப் படை விமானங்களில் மே சொட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட 549 பேரில் ஒருவனாக அவன் ஊர் திரும்பினான். இன்னும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறான்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எங்களை ஏமாற்றியவர் ஜாமீனில் வெளியே வந்து, இப்போது லாவோஸில் டேட்டா என்ட்ரி வேலை என்று வேறொரு எண்ணிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறார்.