நிலையான வைப்பின் பேரில் எடுத்த முதற் கடனட்டை: ஓராண்டுக்குப் பின்

ஆரையம்பதியில் தையற்கடை நடத்தும் எனக்குச் சம்பளப் பட்டியல் இல்லை. ஆகவே கடந்த ஆண்டு, மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு வங்கிக் கிளையில் 1,00,000 ரூபாயை நிலையான வைப்பாக இட்டு, அதைப் பிணையாக வைத்து 80,000 ரூபாய் எல்லையுள்ள கடனட்டையைப் பெற்றேன். வைப்புக்குரிய வட்டி வழமைபோல் சேர்கிறது. அட்டையை மூடும்வரை முதலை எடுக்க முடியாது.

பொருள் வாங்குவதற்காக நான் அட்டை எடுக்கவில்லை. முன்னர் மின் தையல் இயந்திரத்துக்குக் கடன் கேட்டபோது, என் பெயரில் கடன் வரலாறே இல்லை என்றார்கள். பன்னிரண்டு வருடங்களாகச் சீட்டுக் காசை ஒரு மாதமும் பிந்தாமல் கட்டியவள் நான். ஊரறிந்த அந்த நாணயம் வங்கியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம், அதாவது நாம் 'கிறிப்' என்று சொல்வது, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களைக் கொண்டே இயங்குகிறது. கிறிப்பில் பெயர் விழுந்தால் எல்லாம் முடிந்தது என்று எங்கள் பக்கத்தில் அஞ்சுவார்கள். நுண்கடனின் வாரத் தவணைகளால் பெண்கள் பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு அந்த அச்சம் இயல்பே. ஆனால் அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. பிந்திக் கட்டியது போலவே ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகிறது; கடன் கொடுப்பதா என்பது வங்கியின் முடிவு.

பெரிய குறையொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். விண்ணப்பப் படிவமும் நிபந்தனைகளும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. உத்தியோகத்தர் தமிழில் பொறுமையாக விளக்கினார் என்றாலும், என் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் தொகை முழுத் தொகை அன்று, நிலுவையில் ஆகக் குறைந்த 5 சதவீதம் என்று குறிக்கப்பட்டிருந்ததை அட்டையின் இரண்டாவது மாதக் கணக்குப் பட்டியலில் வட்டி ஏறிய பிறகே கண்டேன். மத்திய வங்கி 2023 ஆகஸ்டில் பிறப்பித்த கட்டளை, கடனட்டைக்கு ஆண்டுக்கு 28 சதவீதமும் நகை அடகுக்கு 18 சதவீதமும் என உச்ச வட்டியை விதித்தது. அந்த வீதங்களின்படி 20,000 ரூபாயை ஓராண்டு கட்டாமல் வைத்திருந்தால் அடகில் 3,600 ரூபாயும் அட்டையில் 5,600 ரூபாயும் வட்டியாகப் போகும். இப்படி நீளும் அவசரக் கடனுக்கு அட்டையைவிட வங்கியில் நகையை அடகு வைப்பதே மலிவு என்பதை அட்டை விற்பவர்கள் சொல்வதில்லை. கிளைக்குச் சென்று முழுத் தொகை என்று மாற்றி எழுதிக் கொடுத்த பின் வட்டியாக ஒரு சதமும் கட்டவில்லை.

பாடசாலைச் சீருடைக் காலத்தில் இந்த அட்டை உண்மையாகவே கைகொடுத்தது. பட்டியல் திகதிக்கு மறுநாள் துணியும் நூலும் வாங்கினால், காசு கட்ட ஏறக்குறைய ஐம்பது நாட்கள் கிடைக்கின்றன. அதற்குள் தைத்துக் கொடுத்துக் கூலியும் வாங்கிவிடலாம். காசு இயந்திரத்தில் மட்டும் இதைப் போடவேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் உண்டு.

சென்ற மாதம் என் கிறிப் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். நிலுவை எதுவுமின்றி அட்டைக் கணக்கு என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதே தையல் இயந்திரத்துக்காக மீண்டும் விண்ணப்பித்திருக்கிறேன்.