வலிக்காத பைலோனிடல் சைனஸ்: அறுப்பதா, காத்திருப்பதா?

மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் வண்டி ஓட்டுகிறேன். முதுகுவலிக்குப் பரிசோதித்த டாக்டர், வால் எலும்புக்கு மேலே பிட்டப் பிளவில் சிறு துளைகள் இருப்பதைக் கண்டு சொன்னார். வலி இல்லை, சீழ் இல்லை. அறுக்காமல் கவனித்து வருவது என்று முடிவு செய்தேன்.

பைலோனிடல் சைனஸ் எனப்படும் இது மூலமோ பௌத்திரமோ அல்ல. உதிர்ந்த முடி வியர்வையாலும் உராய்வாலும் தோலைத் துளைத்து உள்ளே போவதால் உண்டாகும் புரை. இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிப் பயணித்த ஏராளமான அமெரிக்கச் சிப்பாய்களைப் படுக்க வைத்ததால் இதற்கு 'ஜீப் நோய்' என்றும் பெயர் வந்தது.

உடனே அறுத்துவிடு என்பவர்கள், வலிக்காவிட்டாலும் உள்ளே அழற்சி இருக்கும் என்கிறார்கள். அது உண்மைதான். ஜெர்மன் ராணுவ மருத்துவர்கள் அறிகுறியற்ற சைனஸ்களை வெட்டியெடுத்து ஆராய்ந்தபோது நாள்பட்ட அழற்சியைக் கண்டார்கள். ஆனால் முன்கூட்டியே அறுத்ததால், நோய் வெளிப்பட்ட பிறகு அறுத்ததைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. நாற்பது வயதைத் தாண்டினால் இந்நோய் புதிதாக வருவதும் அரிதாகிறது.

எனக்குப் பெரிதாகப் பட்டது புண்ணைப் பராமரிக்கும் பாடு. அகலமாக வெட்டித் திறந்தே விட்டால் ஆற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். தினமும் கட்டு மாற்ற வேண்டும். அந்த இடத்தைத் தானாகப் பார்த்துக் கட்ட முடியாது, வீட்டில் ஓர் ஆள் வேண்டும். ஐஸ் உருகி நனைந்த இருக்கையில் மணிக்கணக்கில் உட்காரும் எனக்கும், வல்லப் படகில் உப்புநீரில் ஊறும் பாம்பன், தொண்டி மீனவர்களுக்கும் அது வருமானமே நின்றுபோகும் காலம். லிம்பர்க், கரிடாகிஸ் என்ற அறுவை முறைகளில் தையலைப் பிளவின் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போடுவதால் சீக்கிரம் ஆறும், திரும்ப வருவதும் குறையும். நோய் தலைகாட்டினால் நான் அவற்றைத்தான் கேட்பேன். அப்போதும் சில காலம் உட்காருவதில் கட்டுப்பாடு உண்டு.

காத்திருப்பதென்றால் கண்டுகொள்ளாமல் இருப்பதல்ல. சுற்றியுள்ள முடியை நீக்கி, சவாரி முடிந்ததும் கழுவி, ஈரமின்றித் துடைக்கிறேன். சவரக்கத்தி வேண்டாம் என்பது என் எண்ணம். அறுவைக்குப் பின் நெடுநாள் மழித்தவர்களுக்கு நோய் திரும்பியது அதிகம் என்று ஓர் ஆய்வு உண்டு. டிரிம்மர் போதுமாக இருக்கிறது. லேசரில் முடி நீக்கினால் பலன் நீடிக்கும் என்கிறார்கள். நான் செய்து பார்த்ததில்லை.

வீக்கம், காய்ச்சல், சீழ் என்று ஏதாவது வந்தால் காத்திருப்பு அன்றோடு முடிந்தது. சீழை உடனே கீறி வெளியேற்ற வேண்டும். வெறும் மாத்திரை போதாது. நிரந்தர அறுவை அது தணிந்த பிறகுதான்.