துணிப் பெயிண்ட் செட்: பழைய ஜாக்கெட்டில் பினாங்குச் சுவர்

ஆறு நிற அக்ரிலிக் துணிப் பெயிண்ட் செட் ஒன்று, சுவரோவியப் பாணி ஜாக்கெட்டுக்குத் தாராளமாகப் போதும். பெயிண்டைவிடத் துணிதான் காலை வாரும். பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பழைய ஜீன்ஸ் ஜாக்கெட் எடுக்கும்போது லேபிளைப் பாருங்கள். முழுக் காட்டனாக இருக்கட்டும். எலாஸ்டேன் கலந்தால் துணி இழுபடும், காய்ந்த பெயிண்ட் இழுபடாது. முழங்கையில்தான் முதல் வெடிப்பு.

துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர் போடாமல் துவைத்து, உள்ளே அட்டை செருகி, சாக்கட்டியால் வரையுங்கள். கருநீலத்தின்மேல் நேராகப் பூசிய மஞ்சள், பாசிபிடித்த பச்சையாகத் தெரியும். முதலில் வெள்ளை, அது காய்ந்தபின் நிறம், இரண்டு மெல்லிய பூச்சு. ஒரேயடியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும். பினாங்கு ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். 24 மணி நேரம் கழித்து, உட்புறமாக, நீராவி இல்லாமல் 3 முதல் 5 நிமிடம் இஸ்திரி போடுங்கள்.

நியான் நிறங்கள் காசுக்குக் கேடு. வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

பினாங்கின் லெபோ ஆர்மேனியன் தெருவில் ஓவியர் எர்னெஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியம் எடுபடுவதே, சுற்றிலும் வெறும் பழஞ்சுவர் இருப்பதால்தான். அதனால் முதுகில் படம் என்றால் சட்டையும் பேண்ட்டும் கறுப்பு. படத்தின் ஒரு நிறம் மட்டும் காலணி நாடாவில் வரலாம்.